மாறுவேஷக்காரனை எண்ணுகிறவர்

இடது உள்ளங்கைக்குள் முயலின் காது. வலது கையில் எதுவும் இல்லை. ஊசி இன்னும் உறையைவிட்டே வெளியே வரவில்லை. மேசைமேல் துவாலை, துவாலைக்குள் முயல், அதன் கண்ணை மறைத்தபடி துவாலையின் ஒரு முனை. பத்து நிமிடமாக இதே நிலை. காது சூடேறினால்தான் நரம்பு புடைக்கும் என்பது ஒரு காரணம். யாராவது அவசரப்படுத்தினால் அவர் சொல்வது இன்னொன்று: "பயந்த ரத்தம் பொய் சொல்லும். கொஞ்சம் உட்காருங்க."

செல்லப் பிராணிகளுக்கான அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், குட்டையான உருவம், மூக்கின் நுனியில் எப்போதும் விழப்போகும் கண்ணாடி. செருப்பை அறை வாசலிலேயே கழற்றிவிடுவார். சத்தம் கேட்டால் முயல் துள்ளும், துள்ளினால் முதலிலிருந்து காது பிடிக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் இத்தனை மரியாதை கிடையாது. "அதுங்க வலிச்சா கத்தும், கடிக்கும். இது சாகற வரைக்கும் நல்லா இருக்கிற மாதிரியே நடிக்கும். உள்ளே என்ன நடக்குதுன்னு ரத்தத்தைத்தான் கேக்கணும்."

கேட்பதற்கு மருத்துவமனை ஒரு மெஷின் வாங்கி வைத்திருக்கிறது. ஒரு சொட்டு விட்டால் வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணி, இரண்டு நிமிடத்தில் சீட்டைத் துப்பிவிடும். அந்தச் சீட்டை ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டு, அக்கா அதே ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தானே எண்ணத் தொடங்குவார். கிருமியோடு சண்டைக்குப் போகும் அணு முயலுக்குக் கொஞ்சம் விசித்திரமானது. சாயம் ஏறினால் அந்த அணுவின் மேலெங்கும் சிவப்புப் பொடி தூவியதுபோல் இருக்கும். ஒவ்வாமைக்கும் பூச்சித் தொல்லைக்கும் பெருகும் அணுவும் சிவப்புதான். மெஷின் சில சமயம் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். அக்கா முதலாவதற்கு வைத்திருக்கும் பெயர் மாறுவேஷக்காரன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளை முயல் விஷயத்தில் சீட்டை மட்டும் நம்பிக் கொடுத்தனுப்பினார். நான்காம் நாள் அது செருப்புப் பெட்டிக்குள் வைத்து எடுத்துவரப்பட்டது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. எண்ணுகிறார், அவ்வளவுதான்.

போன மாதம் சலவைக்கடைக்காரர் ஒருவர் தன் பழுப்பு முயலைக் கூடையில் கொண்டுவந்தார். முயலுக்குப் பெயர் மேனேஜர். "இஸ்திரி மேசைக்குக் கீழே உக்காந்துக்கிட்டு நாள் பூரா என்னையே முறைப்பான், ஒரு வேலையும் செய்யமாட்டான். வேற என்ன பேர் வைக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தவர், மூன்று நாளாக அது சரியாகத் தின்னவில்லை என்று சொல்லும்போது சிரிக்கவில்லை. மனைவி போனபிறகு கடையில் அவருக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். முயலின் குடல் ஓய்ந்துவிட்டால் மீட்பது கடினம் என்று யாரோ சொல்லியும் இருந்தார்கள்.

சீட்டு வந்தது. மொத்த வெள்ளை அணு சரியான அளவு. அதில் பூச்சித் தொல்லைக்குப் பெருகும் சிவப்பு வகை மட்டும் அதிகம். டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர், வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். பூச்சி மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். சலவைக்கடைக்காரர் கூடையின் மூடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது லேப் அக்கா வெறுங்காலோடு நடைபாதைக்கு வந்தார்.

"அண்ணே, கூடையை இறக்குங்க. டாக்டர், அது பூச்சி இல்ல."

"மெஷின் தெளிவா காட்டுதே அக்கா. மொத்த எண்ணிக்கையும் ஏறலையே."

"முயலுக்குச் சீழே வச்சாலும் மொத்தம் ஏறணும்னு கட்டாயம் இல்ல. உள்ளே இருக்கிற கூட்டுதான் மாறும். நூறு எண்ணினேன். எழுபத்தெட்டு மாறுவேஷக்காரன்."

"பயத்துலகூட அப்படி மாறும்ல?"

"மாறும். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் காதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுவும் போதாதுன்னு புரதமும் பார்த்துட்டேன்."

உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் அள்ளிக் கொட்டும் ஒரு புரதம் அது. பயந்த முயலுக்கும் கொஞ்சம் ஏறலாம், ஆனால் இப்படி எகிறாது. மேனேஜருக்கு இருக்க வேண்டியதைப்போலப் பன்னிரண்டு மடங்கு இருந்தது. அக்கா தாளை நீட்டினார், விரலை எண்ணின்மேல் வைத்தார், எடுக்கவில்லை. டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பூச்சி மருந்துச் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "எக்ஸ்ரே எடுத்துடலாம் சார்," என்றார்.

கீழ்த்தாடையில், ஒரு கடைவாய்ப் பல்லின் வேருக்கடியில் சீழ்க்கட்டி. வெளியே தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அன்று மதியமே பல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள்.

"உங்களுக்கு எப்படிம்மா அவ்வளவு நிச்சயம்?" என்று சலவைக்கடைக்காரர் கேட்டார்.

"எண்ணிப் பார்த்தவளுக்கு நிச்சயம் இல்லாம வேற யாருக்கு இருக்கும்?"

அதன்பின் வாரம் ஒரு முறை கூடை வந்தது. ஒவ்வொரு முறையும் துவாலை, காது, காத்திருப்பு, நூறு எண்ணிக்கை. முதல் வாரம் புரதம் பாதியாகக் குறைந்தது. இரண்டாம் வாரம் இன்னும் இறங்கியது. மூன்றாம் வாரம் டாக்டரே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றுகொண்டார்.

புரதம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, மாறுவேஷக்காரர்களும் கலைந்துவிட்டார்கள். தாள் அச்சாகி வெளியே வந்தது. சலவைக்கடைக்காரர் அதை வாங்கக் கையை நீட்டினார்.

லேப் அக்கா கொடுக்கவில்லை. தாளை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தார். ஒரு பிடி காய்ந்த புல்லை எடுத்து மேனேஜரின் வாய்க்கு முன்னே நீட்டினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைவரை குனிந்து, மெல்லும் சத்தத்துக்காக அதன் தாடையருகே தன் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.