பொரோஜுக்கு அடியில் ஒரு குழாய்

1. பிடுங்கிய பெக்

நான் அந்த ஊரில் போய் இறங்கியபோது, முந்தின நாள் எங்கள் சர்வேயர் குழாய்ப் பாதையைக் குறிக்க அடித்துவிட்டுப் போன பெக்குகள் எல்லாம் பிடுங்கப்பட்டு, சணல் கயிற்றால் கட்டி வரப்போரம் வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் நிலத்துக்காரர் நிதாய் கைகட்டி நின்றார். கட்டி வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் கோபத்தில் செய்யவில்லை, முடிவெடுத்துச் செய்திருக்கிறார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். கல்கத்தாவில் கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். அந்த வாய்க்காகவே கேஸ் பைப்லைன் கம்பெனியில் என்னை நிலப் பிரிவில் போட்டார்கள். கல்கத்தா ஆபீஸிலிருந்து ஜீப்பில் கிளம்பி, வயல் வயலாகப் பேசிச் சம்மதம் வாங்குவதுதான் வேலை. நிலத்தை நாங்கள் வாங்குவதில்லை. அடியில் குழாய் போக மட்டும் உரிமை. மேலே பயிர் வைக்கலாம், கட்டடமும் பெரிய மரமும் கூடாது.

நிதாயின் நிலத்தில் இருந்தது பொரோஜ். நம் ஊர் வெற்றிலைக் கொடிக்கால்தான். ஆனால் மூங்கிலும் சணல் குச்சியும் வைத்து நாலு பக்கமும் மேலேயும் மூடியிருப்பார்கள். எங்கள் லைன் சரியாக அதன் நடுவில் போனது. குளித்து, கவிச்சி தொடாமல், காலைக் கழுவி, வெறுங்காலோடு நுழைய வேண்டிய இடம் அது. எங்கள் சர்வேயர் மகாராஜாவோ பூட்ஸோடு போய்ப் பெக் அடித்திருக்கிறார்.

"பூட்ஸைக்கூட விடுங்க திதி," என்றார் நிதாய். வங்காளத்தில் திதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன். "ட்ரெஞ்ச் வெட்ட ஒரு பக்கம் பிரிச்சீங்கன்னா, சித்திரை அனல்காத்து உள்ள பூந்து மொத்தக் கொடியும் கருகிடும். நஷ்டஈடு வேண்டாம். எனக்குக் கொடி வேணும்."

"நான் உள்ள போய்ப் பாக்கலாமா தாதா?"

"பொம்பளைங்க போறதில்ல திதி. வழக்கம் அப்படி."

வாசலில் உட்கார்ந்து வெற்றிலையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நான் பௌதி என்று கூப்பிட்டதும், அதாவது அண்ணி என்றதும், கொஞ்சம் முகம் மலர்ந்தாள்.

"நானே போனதில்ல. கட்டறது, அடுக்கறது எல்லாம் நான். கொடி எப்படி இருக்கும்னு இவர் சொல்லித்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சண்டையை அன்றைக்கே எடுத்தால் வந்த காரியம் கெட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

2. சாரின் ஷூ

எங்கள் மேலதிகாரி ராமநாதன் சார் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் ஆபீஸுக்குப் போனபோது மதியச் சாப்பாடு முடித்து வாய் நிறைய வெற்றிலையோடு இருந்தார்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. இவன் ஒருத்தனுக்காக லைனை நிறுத்தறதா? அடுத்த வாரம் போலீஸோட போய் வெட்டிடலாம்மா."

"சார், நீங்க இப்ப மெல்லறதே அவர் தோட்டத்து வெத்தலையா இருக்கும்."

மெல்லுவது நின்றது. நான் விடவில்லை. பொரோஜை ஒட்டி ஒரு கால்வாய். அதைத் தாண்ட எப்படியும் போரிங்தான், மேலே வெட்டாமல் அடியிலேயே துளைத்துக்கொண்டு போவது. போரிங் குழியைக் கொஞ்சம் தள்ளித் தோண்டினால் பொரோஜுக்கும் அடியில் போய்விடலாம். மேப்பை விரித்துக் காட்டினேன்.

"லைன் மேல கொட்டகை நிக்கக் கூடாதே. ரூல் தெரியாதா?"

"கொட்டகை இல்ல சார், பயிர். கம்பெல்லாம் மேலாகத்தான் ஊணியிருக்குன்னு சொல்றாங்க."

"நீ பாத்தியா?"

"பொம்பளைன்னு என்னை விடல. நீங்க வந்து பாருங்க. பாத்துட்டு, கூடாதுன்னா நானே போலீஸைக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் கூடாது என்றால் அந்தத் தோட்டம் என் கையாலேயே போகும்.

மறுநாள் வந்தார். வழியில் கடையில் நிறுத்தி முட்டை ரோல் வேறு சாப்பிட்டார். பொரோஜ் வாசலில் நிதாய் அவர் காலையே பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். நான் அடிபம்பைக் காட்டினேன். பளபளவென்ற ஷூவைக் கழற்றினார். உள்ளே சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. நானும் பௌதியும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தோம்.

உள்ளே போனவர் சீக்கிரம் வரவில்லை. வெளியே நின்ற எனக்குக் கால் தரிக்கவில்லை. வந்ததும் ஷூவைத் தேடாமலே பேசினார்.

"உள்ள ஏசி போட்ட மாதிரி இருக்கும்மா. கம்பு ஒரு முழம்கூட இறங்கல. போரிங் குழியைத் தள்ளிப் போடச் சொல்லு. மேலிடத்துல நான் பேசிக்கறேன்."

நிதாய் வரப்போரம் போனார். கட்டி வைத்திருந்த பெக்குகளை எடுத்து வந்து அவரே என் கையில் கொடுத்தார்.

3. மார்க்கர் போஸ்ட்

குழாய் போய், கேஸும் ஓட ஆரம்பித்த பிறகு, அடியில் குழாய் இருப்பதைக் காட்டும் மார்க்கர் போஸ்ட்களைச் சரிபார்க்க மறுபடி போனேன். கால்வாய்க் கரையில் ஒன்று, பொரோஜுக்கு அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பொரோஜ் அப்படியே நின்றது. வாசலில் யாரும் இல்லை. குரல் கொடுத்தேன். படலைத் தள்ளிக்கொண்டு, ஈரக் காலோடு, கை நிறைய வெற்றிலையோடு உள்ளேயிருந்து பௌதி வெளியே வந்தாள்.

நான் வாயைப் பிளந்தேன்.

"உங்க சாஹேப் போனாரில்ல? முட்டை ரோல் வாசனையோட? கொடிக்கு ஒண்ணும் ஆகலையே. அப்ப நான் போனா மட்டும் என்ன ஆகும்னு இவர்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், காலைக் கழுவிட்டுப் போன்னார்."

மாதக்கணக்கில் அலைந்து கம்பெனிக்கு நான் வாங்கிய வழி, அவள் தனக்கு வாங்கிக்கொண்ட வழியின் முன்னால் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. அன்றைக்குப் பல்லைக் கடித்தது சரியா தப்பா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆனால் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நிலப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த வயலிலும் மேப்பை விரிப்பதற்கு முன், செருப்பை எங்கே விடுவது என்று கேளுங்கள். அங்கே யாரை உள்ளே விடுவதில்லை என்றும் கேட்டுவையுங்கள்.

"நின்னுட்டே இருக்கியே," என்றாள் பௌதி. "செருப்பை அங்க விடு. பம்புல காலைக் கழுவு. வா."

போனேன். சார் சொன்னது சரிதான். உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது.