பல்லில் கடித்த பறி

மண் ஆய்வுக்கு வந்த நான், மண் எடுக்கும் குழாயைக் கடலோர உப்பேரிச் சேற்றிலிருந்து இழுத்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. எனக்கு அது அம்மாவின் புடவை வாசனை.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். இதே இடத்தில் அம்மா தண்ணீருக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தாள். வரைபடத்தோடு கரைக்கு வந்த அதிகாரி, "இன்னாம்மா, இது சும்மா கெடக்குற சேறுதானே?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும். அவள் பேசாததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவர் எழுதிவிட்டார்.

ஜீப் போனபிறகு அம்மா பறியைக் கையில் எடுத்தாள். "சும்மா கெடக்குதாம். அப்ப நான் இன்னா குளிக்கவா எறங்கினேன்?"

இன்று என் படிவத்தில் அந்தப் பழைய பதிவு அச்சாகியே வந்திருக்கிறது: பயனற்ற நிலம்.

"அதை அப்படியே வுட்டுடும்மா. எப்படியும் மண்ணு கொட்டி மேடாக்கப் போறாங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"மாட்டேன் சார்."

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன். நிறம்: கறுப்பு. உப்பு: அதிகம். பயன்: பெண்கள் கையால் இறால் பிடிக்கும் இடம். பரிந்துரை: மண் கொட்டக் கூடாது.

தகவல் தந்தவர் என்ற கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன்.