மகள் என்று கூப்பிட்டேன்

நம்பாதவர்கள் என் மனைவி ஜுனைதாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று வாசலில் விளக்கோடு நின்றவள் அவள்தான். கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஐம்பத்தாறாம் ஆண்டு. மருதமுனையில் தறி நெய்துகொண்டிருந்த எனக்கு, கடலில் போய்ச் சேரும் தோணா நீரோடைக் கரையில் பூங்கா அமைக்கும் வேலை கிடைத்தது. குப்பையும் பற்றையுமாக யாரும் சீந்தாமல் கிடந்த மணல் பூமி. பாண்டிருப்புச் செல்லத்தம்பியும் நானும் துப்புரவாக்கினோம். பற்றைக்குள் சோடி சோடியாகக் குட்டைக் கட்டைகள் நின்றன. ஊரில் மௌத்தானவர்களை அடக்கும் மையவாடி வேறு திசையில் இருந்ததால் எனக்கு வேறு எண்ணமே வரவில்லை. தறிக்காரன் கண்ணுக்கு எல்லாம் தறிதான். தறிக்கு நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு நீட்ட யாரோ நட்டவை என்று நினைத்தேன்.

"இவ்வளவு கிட்டக் கிட்ட நட்டு என்னெண்டு பாவு நீட்டுற, நூஹுக் காக்கா?" என்று சிரித்தான் செல்லத்தம்பி.

எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பிடுங்கி, புதிதாக நட்ட கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டினோம்.

ஒரு நாள் பின்னேரம் என் மகள் ஹப்ஸாவும் என்னோடு வந்திருந்தாள். ஐந்து வயது. பேன் தொல்லைக்கு மொட்டை அடித்த தலை. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் எங்களுக்குத் தங்கவில்லை. அவள் ஒருத்திதான். செல்லத்தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். நான் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்டது. திரும்பினேன். பிள்ளையைக் காணவில்லை.

அவள் விளையாடிய சிரட்டை தோணா ஓரத்தில் கிடந்தது.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துழாவினேன். சேறு... வெறும் சேறு. யா அல்லாஹ், இதையும் எடுத்துவிடாதே என்று கதறினேன்.

மஃரிபு நேரத்தில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கேட்கக் கூடாதது கேட்டுவிடும் என்பார்கள் எங்கள் வீட்டில். அந்த நேரத்திலும் அது ஞாபகம் வந்தது. பெயரைச் சொல்லவில்லை.

"மகள்! வாப்பா இஞ்ச நிக்கிறன்... வா மகள்!"

தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

"வாப்பா..."

கன்றுகளுக்கு நடுவிலிருந்து.

ஓடினேன். இருட்டில் குந்தியிருந்தாள். அப்படியே அள்ளித் தூக்கினேன். உடம்பு சில்லென்று இருந்தது.

"எங்க புள்ள போன?"

"இஞ்சதான் கிடந்த. ஊட்ட போவம், வாப்பா."

ஒழுங்கை வழியே நடந்தேன். பாரமே இல்லை.

என் கழுத்தில் ஏதோ உரசியது.

தலைமயிர்.

நீளமான... ஈரத் தலைமயிர்.

வாசலில் ஜுனைதா விளக்கை உயர்த்தினாள்.

"ஆரத் தூக்கிட்டு வாறீங்க?"

அவள் பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஹப்ஸா. பாங்குக்கு முன்பே தனியாக வந்துவிட்டாளாம்.

குனிந்தேன்.

கையில் யாரும் இல்லை. சட்டை முழுக்க ஈர மணல்.

பூங்கா திறந்த அன்று ஹாஜறா என்றொரு பெண் வந்தாள். கன்றுகளில் கட்டியிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது மீஸான் கட்டைகள். காய்ச்சல் வருசத்துல மௌத்தான புள்ளைகள இஞ்சதான் அடக்கின. சின்னக் கபுறு... அதான் தலைமாட்டுக் கட்டையும் கால்மாட்டுக் கட்டையும் கிட்டக் கிட்ட. என்ட மகளும் இதுலதான். அவட வாப்பா கடலுக்குப் போயிருந்தாரு. வாப்பா எப்ப வாற, எப்ப வாற எண்டு கேட்டுக் கேட்டே கண்ண மூடிட்டா."

கட்டைகளை அவிழ்த்தோம். எது எங்கே நின்றது என்று எங்களுக்கே தெரியவில்லை.

இப்போதெல்லாம் மஃரிபு நேரத்தில் ஹப்ஸாவை நான் மகள் என்று அல்ல, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

அப்படியும் சில நாட்களில் இரண்டு குரல்கள் "வாப்பா" என்கின்றன.