இடக்கூண்டுக் குஞ்சுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மைன்ஸில் ஷிஃப்ட் முடிந்து வரும் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

விதைக் கம்பெனி ஒன்றுக்காகப் புது மக்காச்சோளம் உருவாக்கிக்கொண்டிருந்தேன். நன்றாக விளையும் மஞ்சள் ரகத்தோடு, சத்து மிகுந்த ஒரு நோஞ்சான் வெள்ளை ரகத்தைச் சேர்த்து, எட்டு வருஷம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த வெள்ளை மணி. விளைச்சல் வந்துவிட்டது. சத்தைத்தான் நிரூபிக்க வேண்டும். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் இரண்டு கூண்டு வைத்தேன். வலக்கூண்டுக் கோழிக்குஞ்சுகளுக்கு என் வெள்ளை. இடக்கூண்டுக்குப் பழைய மஞ்சள் மட்டும். இடக்கூண்டு நலிய வேண்டும். நலியாவிட்டால் எட்டு வருஷமும் பாழ்.

மணியைக் குருணையாக உடைத்துத் தீனி போட்டவள், வயலில் கதிருக்கு உறை மாட்டும் பெண். காடாம்புலியூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். பக்கத்துக் கொல்லை மகரந்தம் ஒட்டாமல் உறை மாட்ட, அவளைப் போல் கை யாருக்கும் வராது. ஒருநாள் கேட்டாள்.

"மேடம், எம்பொண்ணு எளச்சிகினே போவுதுங்க. இதுல ரெண்டு கைப்பிடி குடுங்களேன், கஞ்சி காச்சித் தரேன்."

"அது விதை. தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

பத்து நாளில் தீனி டின்னில் வெள்ளை மணி குறைந்தது. எனக்கு வேறு சந்தேகமே வரவில்லை. வயலாட்கள் அத்தனை பேரும் பார்க்க அவள் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தேன். பழைய சோறும் ஊறுகாயும் மண்ணில் விழுந்தன. அவள் குனிந்து அள்ளினாள். வெள்ளை மணி ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் வாரம் எடை போட்டால், இரண்டு கூண்டும் ஒரே எடை! இடக்கூண்டில் ஒன்றைப் பிடித்துக் கழுத்தைத் திருகி, இரைப்பையைக் கீறினேன். மஞ்சள் குருணைக்கு நடுவே வெள்ளைக் குருணை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கத்திகினே இருந்துச்சிங்க மேடம். றெக்கைகூட ஒழுங்கா மொளைக்கல. பாத்துகினு எப்பிடிங்க நிக்கறது?"

"உன் பொண்ணுக்கு எவ்வளவு எடுத்துட்டுப் போன?"

"அதுக்குத் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க, தொடலைங்க. இதுங்க உங்க குஞ்சுதானே மேடம்?"

"நாளையிலேர்ந்து வராதே" என்றேன். காலில் விழப் பார்த்தாள். கதவைச் சாத்தினேன்.

புதுக் குஞ்சுகள் வாங்கி, தீனியை நானே போட்டேன். மூன்று வாரத்தில் இடக்கூண்டுக் குஞ்சுகள் நிற்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ரகம் பாஸாகிவிட்டது. இப்போது மூட்டையின் மேல், குழந்தைகளுக்கு ஊட்டம் என்று பெரிதாக அச்சடித்து விற்கிறார்கள். அவள் பெண் என்ன ஆனாள் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.