நிமிர்ந்த பொன்கோடுகள்

ஜின் உண்டு என்பது என் ஈமானில் சேர்ந்த நம்பிக்கை. ஆனால் அது எங்கள் தெருப் புளியமரத்தில்தான் குடியிருக்கிறது, கரண்ட் போனால் இறங்கி வருகிறது என்ற கதைகளை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. குறுக்குக் கேள்வி கேட்டே கல்முனையில் பல நல்ல பேய்க்கதைகளைக் கெடுத்தவன் நான். இப்போது நீங்கள் என்னிடம் அதைச் செய்தால் கோபிக்க எனக்கு உரிமையில்லை.

இது ஒரு துவக்கைப் பற்றியது. நான் தமிழ் படிப்பித்த வாத்தியார், வெடிச்சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிற ஆள். ஒரு காகத்தைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் என் மனைவி ரஹ்மாவின் கூடப்பிறந்த காக்கா சம்சுதீன் மச்சானிடம் இருந்த ரெட்டைக்குழல் துவக்கின் மேல் எனக்கிருந்த ஆசையை அவள் சக்களத்தியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தாள். இங்கிலாந்தில் செய்தது, லைசன்ஸ் உள்ளது, நாவிதன்வெளிப் பக்கத்து வயல் வட்டையில் பன்றி விரட்ட மச்சானின் வாப்பா காலத்தில் வாங்கியது. தோளில் வைக்கிற கட்டை வால்நட் மரம். தேன் நிறம், அதற்குள் ஆற்றுநீர் சுழித்ததுபோல் கருத்த ரேகைகள். மரமும் உருக்கும் சேருமிடத்தில் ஒரு தலைமயிர் நுழையாது. இரண்டு பக்கத் தகட்டிலும் பறவைகள் செதுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் கண்ணுக்கும் ஒரு புள்ளி வைக்கச் செதுக்கியவன் மறக்கவில்லை. பன்றி இதையெல்லாம் பார்த்து ரசிக்குமா என்று அவன் யோசிக்கவில்லை போலும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் மச்சான் வீட்டுக்குப் போய் அதற்கு எண்ணெய் பூசுவேன்.

"பூசிப் பூசி மாப்பிள்ளையாக்கிப் போடாதீங்க மச்சான்," என்பார் அவர், "பிறகு பண்டி பயப்பிடாது."

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்தத் துவக்கில் தோட்டாவைத் தட்டுகிற குதிரைகள் வெளியே தெரியாது, உள்ளே இருக்கும். குழலை மடித்துத் திறந்தால்தான் அவை நிமிரும். விசையை அழுத்தினால் விழும். நிமிர்ந்ததா விழுந்ததா என்று காட்ட இரண்டு தகட்டிலும் ஒவ்வொரு சின்னப் பொன்கோடு. குதிரை நிமிர்ந்தால் கோடும் நிற்கும், விழுந்தால் கோடும் படுக்கும். குழலைக் கழற்றிவிட்டால், ஆண்டவனே வந்தாலும் என்று சொல்ல வாய் வருகிறது, அஸ்தஃபிருல்லாஹ், மனிதக் கையால் அந்தக் குதிரையை நிமிர்த்த முடியாது. ஸ்பிரிங் களைத்துவிடும் என்பதால் துவக்கை நிமிர்ந்தபடி வைக்கக் கூடாது. இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. லைசன்ஸ் துவக்குகளையெல்லாம் பொலிஸ் ஸ்டேசனில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு பக்கம் அதே துவக்குகளைத் தேடி வட்டை வட்டையாகச் சிலர் திரிந்தார்கள். யார் என்று கேட்காதீர்கள்; அப்போது கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

"நாளைக்கே இதக் குடுத்திட்டு வாறன் மச்சான்," என்றார் அவர். "பண்டிக்கு வெடி கொளுத்திப் போடலாம். ஆளத் தேடி வந்தா என்னத்தக் கொளுத்துற?"

"அங்க விறகுபோலக் குவிச்சுப் போடுவானுகள். துருப்பிடிச்சிப் போகும்," என்றேன் நான்.

"துருப்பிடிச்சாத் துவக்குத்தானே மௌத்தாகும், ஆள் சாகாதே?"

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. படித்தவன் என்ற மரியாதை எனக்கு இருந்தது, அதை அன்று நன்றாகப் பாவித்தேன். இரண்டாகக் கழற்றிவிட்டால் அது துவக்கே இல்லை, இரும்பும் மரமும்தான் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு "ஓம்" என்றார். அவர் கண்முன்னால் கழற்றினேன், பிறகு விசைகளை அழுத்தினேன், கோடுகள் படுத்தன. குழல் அவர் வீட்டு நெல் அறைக்குள், விசையும் தகடுகளும் உள்ள கட்டை என் அலுமாரியில்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு பின்நேரம் அலுமாரியைத் திறந்து, வழக்கமான கிறுக்கில், கட்டைக்கு எண்ணெய் பூச எடுத்தேன். பொன்கோடுகள் இரண்டும் நிமிர்ந்து நின்றன.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அன்று சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறேன், இரண்டு கிழமை ஸ்பிரிங் களைத்திருக்கிறதே என்று என்னையே ஏசினேன். பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். முன்விசையை அழுத்தினேன். டிக். பின்விசையை அழுத்தினேன். டிக். கோடுகள் படுத்தன. சுத்தமாகத் துடைத்து, துணியில் சுற்றி வைத்துவிட்டுத் தொழப் போனேன்.

பொழுது விழும் மஃரிபுக்கு முன் மச்சானை ட்ராக்டர் பெட்டியில் கொண்டுவந்தார்கள். ஓட்டி வந்தவன் அவர் வயலில் உழுகிறவன், முதலாளியைப் போடியார் என்று கூப்பிடுகிறவன். அவன் சொன்னான்:

"துவக்கு எங்க எண்டு கேட்டானுகள் சேர். குடுத்திட்டன் எண்டுதான் போடியார் சென்னவர். மச்சான்ட வீட்டில எண்டு ஒரு சொல்லுச் சென்னா உட்டிருப்பானுகள். செல்லல்லையே. அசர் பாங்கு முடிஞ்ச கையோட வெடி வெச்சானுகள். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. ரெண்டு."

நம்பினால் நம்புங்கள். உங்கள் கேள்விகளை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். அன்று கோடுகள் படுத்ததை நான் மட்டும் பார்க்கவில்லை, மச்சானும் பார்த்தார். சாட்சி சொல்லத்தான் அவர் இல்லை. நேரம் தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டும் பார்த்தேன்.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள் குழலை நானே ஸ்டேசனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டை எங்கே என்றார்கள், தொலைந்துவிட்டது என்றேன். அதையும் கொடுத்துத் தொலைப்போம், வைத்த இடத்தை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மறுநாள் காலை அலுமாரியைத் திறந்தேன். துணியை விரித்தபோது கோடுகள் நிமிர்ந்து நின்றன. குழல் ஸ்டேசனில், கட்டை என் கையில்.

என் விரல் பழக்கதோஷத்தில் விசைக்குப் போனது. பின்னால் ரஹ்மா நின்றிருக்கிறாள். அசர் நேரத்து விஷயத்தை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். கத்தவில்லை, அழவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"இனி ஆரு?"

அப்படியே சுற்றி வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே யாராவது ஒருவன் விளையாட்டுக்காவது அழுத்திப் பார்ப்பான். புதைத்தால் மண்வெட்டி படும். ரஹ்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், நோயில்தான். இத்தனை வருஷத்தில் ஸ்பிரிங் களைத்து, கோடுகள் தானாகப் படுத்திருக்க வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு முதல்நாள் திறந்து பார்த்தேன். நிற்கின்றன.

அலுமாரிச் சாவி என் இடுப்பு வாரில் இருக்கிறது. நான் கண்மூடிய பிறகு என் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் அதைக் கண்டெடுப்பார். அவருக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அலுமாரியைத் திறங்கள், மரத்தைத் தடவிப் பாருங்கள், அழகானது. விசையில் மட்டும் விரலை வைத்துவிடாதீர்கள்.