இருநூறு ஜூல்

வண்டியில் ஏறியதும் அந்தக் கருவியைத்தான் முதலில் சோதிப்பாள். பொத்தானை அழுத்துவாள். கீய்ங்கென்று சக்தியைத் திரட்டிக்கொண்டு அது பச்சை விளக்கைக் காட்டும். "சமத்து!" என்று ஒரு தட்டு. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும் கருவி அது.

ஆம்புலன்ஸ் நர்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது. ‘ஜூல் அக்கா’ என்றால் ஆஸ்பத்திரி வாசல்வரை தெரியும். ஒரு ஆப்பிளை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஒரு ஜூல் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது மற்றவர்களுக்குப் பரீட்சையோடு மறந்துபோயிற்று. அவளை மட்டும் பிடித்த பிடி விடவில்லை. ஒரு நோயாளியை அவளோடு சேர்ந்து மூன்றாம் மாடிவரை சுமந்து சென்று வீட்டில் விட்டுவந்த டிரைவர், களைப்பென்று டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை கேட்டார். விடுவாளா?

"ரெண்டு பேரும் சேந்து பாத்த வேலையே ஆறாயிரம் ஜூல்தான். ஒரு ஸ்பூன்ல அறுபதாயிரம் இருக்கு. தொப்ப எங்கேருந்து வருதுன்னு இப்ப புரியுதாண்ணே?"

"நிம்மதியா டீ குடிக்க விட மாட்டியாம்மா நீ!"

அன்று மாலை அந்த டீ பாதியில் நின்றது. பேட்மின்டன் மைதானத்தில் ஒருவர் சுருண்டு விழுந்துவிட்டார். வண்டி பறந்தது.

வலையருகே மல்லாந்து கிடந்தார். ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஆடிய மைத்துனர் விழுந்தவரின் கையைப் பற்றிக்கொண்டு, "நான்தான் மச்சான் உன்ன ஓட ஓட விட்டேன்... எந்திரிடா..." என்று கதறினார்.

அவள் சட்டையைக் கிழித்தாள். வியர்வையைத் துடைத்து, கருவியின் இரண்டு பட்டைகளையும் நெஞ்சில் ஒட்டினாள். திரையில் கோடு கன்னாபின்னாவென்று துள்ளியது.

"இருநூறு ஜூல்! யாரும் தொடாதீங்க!"

மைத்துனர் கையை விடவில்லை.

"கைய விடுங்க சார்!"

"மாட்டேன்..."

"விட்டாத்தான் உங்க மச்சான் கிடைப்பாரு. விடுங்க!"

விட்டார். உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது. உடனே டிரைவர் நெஞ்சில் கைவைத்து அழுத்தத் தொடங்கினார். அவள் விழுந்தவரின் முகத்தில் மூச்சுக் கொடுக்கும் பையை வைத்துப் பிழிந்தாள். மறுபடி பார்த்தபோதும் கோடு அடங்கவில்லை.

"இன்னொரு தடவ. எல்லாரும் விலகுங்க!"

மறுபடி ஒரு தூக்கல், மறுபடி அழுத்தல். திடீரென்று விழுந்தவரின் கை எழுந்து டிரைவரின் கையைத் தள்ளியது.

"அண்ணே, நிறுத்துங்க! தள்ளுறாரு... ஆளு தள்ளுறாருண்ணே!" அவள் குரல் கீச்சிட்டது. மைதானமே கூவியது. மைத்துனர் தரையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

வண்டி ஆஸ்பத்திரிக்கு விரைந்தது. திரையில் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் கருவி ‘டிக்’ என்றது. அவளோ இரண்டு விரல்களை அவர் கழுத்தோரம் வைத்தபடி குனிந்திருந்தாள்.

"அதான் மெஷினே சொல்லுதேம்மா?" என்றார் டிரைவர் கண்ணாடியில் பார்த்து.

"சொல்லட்டும்ணே" என்றாள். வண்டி நின்று கதவைத் திறக்கும்வரை விரலை எடுக்கவில்லை.