ஒரு ராத்திரி நிறுத்திப் பார்க்காத வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் யாராவது யோசனை கேட்டு வந்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறேன். என் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்த பிறகும் ஒருவன் என்னிடம் யோசனை கேட்கிறான் என்றால் அவனைத் திருத்த என்னால் ஆகாது. வெளிநாட்டுக் கம்பெனி வண்டி. உள்ளே தோல் சீட்டு, மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை. இடது முன்சக்கரத்தின் மேல் அப்படியே அமுங்கி, கால் சுளுக்கிய மாடு மாதிரி சாய்ந்து நிற்கிறது. மலையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த அன்றே போடி முழுக்க அதைப் பார்த்தாகிவிட்டது.

அதை நான் பகட்டுக்காக வாங்கவில்லை. இதைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

போடிமெட்டுக்கு அப்பால், தார்ச்சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் மண் பாதையில் போனால் எங்கள் எட்டு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் வரும். என் மனைவிக்கு அவள் அப்பா கொடுத்தது. பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறது, ஆனால் செடிகளுக்கு அவளைத்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜீப்பில் ஏறிப் போய்க்கொண்டிருந்தவள். எந்தச் செடி போன வருஷம் காய்த்தது, எதற்கு வேரில் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எனக்கு மழை வந்தால் குடை பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்கு மதுரையில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனது. தார்ச்சாலையில் காரில் போகலாம், குலுங்குகிற ஜீப்பில் மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மண் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு எதுவும் போகாது. இரண்டு வருஷம் அவள் வீட்டிலிருந்தபடி போனிலேயே தோட்டம் பார்த்தாள். கங்காணி அனுப்பும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "எல பழுத்தது அழுகலா, வெயிலான்னு படத்துல எப்பிடித் தெரியும்? தொட்டுப் பாக்கணும்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

அதற்குத்தான் இந்த வண்டி. இதில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பைகள். பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாதாம். புதிதாக வாங்க வேண்டுமென்றால் தோட்டத்தையே விற்க வேண்டும். பழையதாகத் தேடினேன்.

தேடிக் கொடுத்தவன் என் நண்பன். அஞ்சாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவன். இரண்டு ஜீப் வைத்து, விடிகாலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற தொழில். என்னை மாப்ளே என்பான், என் மனைவியைத் தங்கச்சி என்பான். எனக்கு அவன் மச்சான். வெறும் வாய் முறையில்லை. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் ஜீப்பை நிறுத்திவிட்டு எங்களோடு மதுரையில் இருந்தவன். அவனை நம்பாமல் வேறு யாரை நம்ப?

"கேரளாப் பக்கம் பெரிய எஸ்டேட்டு மொதலாளி வண்டி மாப்ளே. ஒரே ஓனரு. மாசத்துக்கு ரெண்டு தடவ எடுத்தா அதிசயம். தங்கச்சிய பூ மாதிரி கொண்டு போயிறலாம்" என்றான்.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. போனில் தமிழிலும் மலையாளத்திலும் வீடியோ பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதினாள். கால்மிதியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அடியில் வண்டல் இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும், சேற்றுக்கறை அங்கேதான் ஒளிந்திருக்கும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். மலையேறும் கியர் மண்ணில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக எழுதியதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"ஒரு ராத்திரி நம்ம வாசல்ல நிக்கட்டும். பையில ஓட்டை இருந்தா காலைல ஒரு பக்கம் எறங்கியிருக்குமாம். பாத்துட்டு வாங்குவோம்."

நான் சிரித்தேன். "ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? அவன்கிட்டப் போய் ராத்திரி நிறுத்திட்டுப் போன்னு சொன்னா என்ன நெனப்பான்?"

எங்கள் ஊரில் வண்டி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஜீப்போ, பிக்கப்போ, காரோ, அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏற்றி மெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சூடு காட்டும் முள் ஏறக் கூடாது, எஞ்சின் திணறக் கூடாது. மேலே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்து, அங்கேயே கைகொடுத்துப் பேச்சை முடித்துவிட வேண்டும். ஏறும்போது அடுத்தவன் வண்டி, இறங்கும்போது நம் வண்டி. டீ குடித்த பிறகு வண்டியைச் சோதிப்பது விற்கிறவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். இதை நாங்கள் பெரிய நாணயமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏறுவதை மட்டும் பார்க்கிற ஊர் இது என்பது விற்கிறவனுக்குத் தெரியாதா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவன் வண்டியைக் கொண்டுவந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கவே இல்லை. "உள்ள குளுகுளுன்னு இருக்கட்டும் மாப்ளே, வெரசா ஏறு" என்றான். நான் மனைவிக்குத் தெரிகிற மாதிரி கால்மிதியைத் தூக்கினேன், பெல்ட்டை இழுத்தேன். எல்லாம் சுத்தம். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

வண்டி ஏறிய அழகைச் சொல்லாமல் இருக்க முடியாது. வளைவுகளில் என் கையில் இருந்த பாட்டிலில் தண்ணீர் கூடத் தளும்பவில்லை. மெட்டில் டீக்கடை முன்னால் சமதளம் காலியாகக் கிடந்தது. அவன் அதை விட்டுவிட்டு, ஓரத்துச் சரிவில், இடது சக்கரம் பள்ளத்தில் இருக்கும்படி நிறுத்தினான். அரை மணி நேரம் வடையும் டீயும். திரும்பி வந்து பார்த்தபோது இடது பக்கம் தாழ்ந்திருந்த மாதிரி இருந்தது.

"என்ன மச்சான், சாயுது?"

"தரையே சாஞ்சுதான மாப்ளே கெடக்கு. நீ என்ன, தங்கச்சி மாதிரி சந்தேகப்பட ஆரம்பிச்சுட்ட."

நான் வெட்கப்பட்டேன். கைகொடுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசல் கதவைத் திறந்தால் சமதளத்தில் நின்ற வண்டி இடது பக்கம் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஸ்டார்ட் செய்தேன். அடியில் காற்றடிக்கும் பம்ப் மாதிரி எதுவோ ரீங்காரம் போட்டது, இரண்டு நிமிஷத்தில் எழுந்து நேராக நின்றது. உடனே அவனுக்குப் போன் போட்டேன். "பெரிய வண்டின்னா அப்பிடித்தான் மாப்ளே. ராத்திரி ஒக்காந்து தூங்கும், காலைல எந்திரிக்கும். ஒண்ணும் சோலி இல்ல" என்று சிரித்தான். நம்பினேன். நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

இதற்கு அப்புறம் நான் செய்ததுதான் எழுதக் கூசுகிறது. அன்றிலிருந்து தினமும் அவள் எழுந்திருக்கும் முன்னால் எழுந்து போய் வண்டியை எழுப்பி நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டேன். அவள் வந்து பார்க்கும்போது வண்டி நேராக நிற்கும். ஒன்பது நாள் இப்படி நடந்தது.

பத்தாம் நாள் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். செடி கழிக்கிற கவாத்துக் கத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மலைப்பாதை முழுக்க பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மண் பாதையில் திரும்பியதும் பேச்சு நின்று, ஜன்னலை இறக்கி வெளியே பார்க்க ஆரம்பித்தாள். பாதி தூரம் போயிருப்போம். மழைநீர் அறுத்த ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. வண்டி இடது பக்கம் பொத்தென்று விழுந்தது. அவள் "அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். டயர் தகரத்தில் உரசி நின்றுவிட்டது.

அங்கிருந்து பார்த்தால் தோட்டத்தில் காய் உலர்த்தும் எங்கள் ஸ்டோரின் தகரக் கூரை தெரிந்தது. நடந்து போய்விடலாம் என்றாள். பத்து எட்டு வைத்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு ஜீப் காலியாக வந்தது. என் நண்பனுடையது. நாங்கள் வரப்போவதை முந்தின நாள் போனில் அவனிடம் சொல்லியிருந்தேன், ஆனால் அந்தப் பக்கத்தில் அவனுக்கு லோடு கிடையாதே என்று நினைத்தேன். இறங்கி வந்தான். பத்து ரூபாய் டார்ச்சை வைத்துக்கொண்டு எந்த வண்டிக்கு அடியிலும் படுத்துவிடுகிற ஆள், அன்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராக என் மனைவியிடம் போனான். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஒனக்குத் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வண்டிய வித்துக் குடுத்தா எஸ்டேட்டுக்கு ஆளு ஏத்துறது பூரா எனக்குன்னாரு மொதலாளி. பைய மாத்துனா சரியாப் போயிரும்னு நெனச்சேன் மாப்ளே."

"அன்னைக்கு மெட்டுல பள்ளம் பாத்து நிறுத்துனியே, அதுவுமா?"

நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை எழுத முடியாது. அவன் அம்மாவையும் விடவில்லை, என்னை எத்தனையோ நாள் உட்கார வைத்துச் சோறு போட்டவள். அவன் வாங்கிக்கொண்டே நின்றான். எட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவன், எதற்காக இந்த வண்டி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன். பணத்துக்காக ஊரான் ஏமாற்றியிருந்தால் நான் இத்தனை கத்தியிருக்க மாட்டேன்.

"கத்துனது போதும். என்னைய வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றாள் அவள்.

காலிச் சாக்குகளை அடுக்கி, மேலே தன் கம்பளியைப் போட்டு முன்சீட்டில் அவளை உட்கார வைத்தான். பள்ளம் வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கினான். ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பக்குவம் தெரிந்தவன் அவளுக்கு இதைச் செய்தானே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து சாய்ந்து படுத்த பிறகு அவள் கேட்டாள். "மொத நாள் காலைலயே எறங்கியிருந்துச்சா?"

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

"தெனமும் வெள்ளன எந்திரிச்சுப் போனது அதுக்குத்தானா?"

வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். "வேணாம், ஜீப்புல வந்தது வலிக்கல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவன் ஜீப் தெருவில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கவாத்துக் கத்தியோடு வெளியே வந்தாள்.

"எங்க போற?"

"தோட்டத்துக்கு. டாக்டரக் கேட்டுட்டேன். குலுங்காமப் போறதுன்னா போகலாம்னாரு."

"அவன்கூடவா? நம்மள ஏமாத்துனவன்கூடவா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "என்னைய ஏமாத்துனது ரெண்டு பேரு. அதுல ஒருத்தருக்கு ஜீப்பு ஓட்டத் தெரியும்."

அவன் உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் எட்டுப் பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. என்னை ஏறச் சொல்லி இரண்டு பேரும் கூப்பிடவில்லை.